மூன்று மீட்டர் பனி

பனியை அளக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒன்றைக் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவோம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலருக்கு இப்போதே அது தொற்றியிருக்கிறது. போன வாரம் ஒரு தம்பியிடம் சும்மா பேச்சுவாக்கில் தென்துருவத்துக் கரையில் பனி எவ்வளவு தடிமன் என்று கேட்டேன். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு பதில் வந்தது. எப்படித் தெரியும் என்றேன். வரைபடத்தில் இருக்கிறது என்றார். அன்று முழுக்க என்னால் வீட்டில் உட்காரவே முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவர்கள் எழுதினால் வெற்றிகளைத்தான் எழுதுவார்கள். எனக்கும் ஒன்றிரண்டு இருக்கிறது. அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் ஓர் ஆளைக் கொன்றிருக்கக்கூடிய நாளைப் பற்றிச் சொல்கிறேன். அன்று நான் பனிக்குப் பக்கத்தில்கூட இல்லை. திண்டுக்கல்லில், என் தம்பி வீட்டில், கல்யாணப் பந்தலுக்கு அடியில் இருந்தேன்.

அந்த வருடம் எங்கள் குழு தெற்கே, துருவக் கரையில் இருந்தது. குளிர்காலத்துக்கு வேண்டிய டீசலையும் சாமானையும் கப்பல் கொண்டுவரும். கப்பலால் கரை வரைக்கும் வர முடியாது. கரையை ஒட்டிக் கடல் உறைந்து கிடக்கும். அதன் விளிம்பில் கப்பல் நிற்க, நம் ஆட்கள் சக்கரத்தைச் சுற்றிப் பட்டை ஓடும் வண்டிகளில் அந்த உறைந்த கடலின் மேலேயே போய்ச் சரக்கை இழுத்து வருவார்கள். முன்பெல்லாம் வருடா வருடம் ஒரே தடத்தில் போய் வந்தார்கள், யாரும் யாரிடமும் வழி கேட்டதில்லை. இப்போது பனி சீக்கிரம் உருகுகிறது. போன வருடத்துத் தடத்தை இந்த வருடம் நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் அளந்து, எங்கே எவ்வளவு தடிமன் என்று வரைபடம் போட்ட பிறகுதான் வண்டி கிளம்பும்.

அந்த வரைபடத்தைப் போடத் தெரிந்தவர்கள் அன்றைக்கு இரண்டே பேர். ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார். இன்னொருத்தி நான். தம்பி மகளின் நிக்காஹுக்காக விடுப்பில் வந்திருந்தேன். அங்கிருந்து அளவுகளை அனுப்பினார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து, மருதாணிக்காரி வந்துவிட்டாளா என்று கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டே கணக்கை முடித்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கப்பல் வரைக்கும் போகும் தடம் முழுக்க மூன்று மீட்டருக்குக் குறையாத கட்டிப் பனி என்று என் வரைபடம் சொன்னது. எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாம் தடிமனை அளப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மறந்துவிடுவீர்கள், நான் மறந்தேன். ஹெலிகாப்டரிலிருந்து ஒளியைப் பாய்ச்சி மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறோம். அதிலிருந்து, மேலே கிடக்கும் தூள் பனியின் ஆழத்தைக் கழிக்கிறோம். மிச்சம் இருப்பது நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டும் கட்டிப் பனி. மிதக்கிற பனிக்கட்டியில் மேலே தெரிவது கொஞ்சம்தான், அதைப்போல எட்டு ஒன்பது மடங்கு கீழே இருக்கும் என்று பெருக்கிவிடுகிறோம். மேலே ஒரு சாண் தப்பாகப் போனால் கீழே ஒன்பது சாண் தப்பாகப் போகும். தூள் பனியின் ஆழத்தை மட்டும் ஆள் நடந்துபோய்க் குச்சியால் குத்தித்தான் பார்த்தாக வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொண்டது மூன்று வாரத்துக்கு முந்தைய அளவு.

புதன்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் செல்வி வந்தாள். தாடிக்கொம்புப் பக்கத்துக்காரி. வீட்டுக்காரர் முருகேசன் மண் அள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். துருவக் குழுவுக்கு வண்டியோட்டி வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது, இவரை மனுப் போடச் சொல்லித் தூண்டியதே நான்தான். எந்த வண்டியையும் காதால் கேட்டே குறை சொல்லிவிடுவார். தேர்வானார், போனார். அன்றைக்குக் கப்பலுக்குப் போகும் வண்டிகளில் முதல் வண்டி அவருடையது. அவர்கள் வயலில் சம்பங்கி போட்டிருந்தார்கள், கல்யாணத்துக்கு மாலை கட்ட தம்பி அவர்களிடமே சொல்லியிருந்தான். செல்வி இரண்டு கூடைப் பூவை இறக்கிவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னைக்கு அவுக கப்பலுக்கு வண்டி எடுக்குறாகளாம். அந்தப் பனி..."

"தாங்கும் செல்வி. மூணு மீட்டர் இருக்கு. லாரியே போகலாம்" என்றேன். கைபேசியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

அவள் சரிக்கா என்றாள். பிறகு, பேச வேறொன்றும் இல்லாத மாதிரி வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியதைச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று நாளாக அங்கே ஆட்கள் வெளியே தலை காட்ட முடியவில்லையாம். பஞ்சு கொட்டுகிற மாதிரி கொட்டியதாம். வண்டியின் பட்டையே வெளியே தெரியாமல் மூடிவிட்டதாம், அள்ளி அள்ளிப் போட்டதில் இடுப்பு போச்சு என்றாராம். ஊரில் மண் அள்ளினேன், இங்கே வந்து பனி அள்ளுகிறேன் என்று சிரித்தாராம்.

கைபேசியைக் கீழே வைத்தேன். எந்த மூன்று நாள் என்று கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். வெள்ளி, சனி, ஞாயிறு. ஹெலிகாப்டர் பறந்தது திங்கட்கிழமை.

நிலையத்திலிருந்து தினம் வரும் வானிலைச் செய்தியைத் தேடினேன். இருந்தது. மூன்று நாளுக்கும் இருந்தது. ஒன்றையும் நான் திறக்கவில்லை. திங்கட்கிழமை வானம் தெளிவு என்று பறந்தவர்கள் எழுதியிருந்தார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது. நிலையத்து வாசலில் மட்டும் ஒரு முழத்துக்குமேல் புதுப்பனி விழுந்திருந்தது. நான் கழித்தது மூன்று வாரத்துக்கு முந்தைய பழைய ஆழத்தை. புதிதாக விழுந்ததை எல்லாம் கட்டிப் பனி என்று எண்ணி, ஒன்பதால் பெருக்கி, கடலுக்கு அடியில் இல்லாத பனியை உண்டாக்கிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அது போதாது என்று, அந்தப் புதுச்சுமை கட்டியை இன்னும் கீழே அமுக்கியிருக்கும், குளிர் இறங்காமல் போர்வை மாதிரி மூடியும் இருக்கும்.

உண்மையில் எவ்வளவு தடிமன்? தெரியாது. காற்று சில இடத்தில் புதுப்பனியை வாரிக்கொண்டு போயிருக்கும், சில இடத்தில் குவித்திருக்கும். மூன்று மீட்டர் மூன்றாகவே இருக்கலாம். ஒன்றாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அவர்கள் வண்டி கிளம்புவது அங்கே காலை ஆறு மணிக்கு, சூரியன் தாழ்ந்து பனி இறுகி இருக்கும் நேரத்தில். நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். இங்கே பதினொன்றரை. இப்போது பத்தாகப் போகிறது.

நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். தப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை, செல்வியின் பேச்சு. அதனால் அதில் எனக்கு ஒரு பெருமையும் கிடையாது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைப் பாருங்கள். உடனே போன் செய்தேனா? இல்லை. கணினியைத் திறந்தேன். முதலில் சரிபார்ப்போம், உறுதியாகத் தெரிந்த பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். நியாயமான எண்ணம்தான், விஞ்ஞானிக்கு அழகுதான். அப்படியே இருபத்தைந்து நிமிடம் போனது. சரிபார்க்க அங்கே எதுவும் இல்லை என்பது எனக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும். புது ஆழத்தை யாரும் அளக்கவே இல்லை, நான் எதை வைத்துச் சரிபார்க்க? உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, பிறகு பனி கெட்டியாகவே இருந்து, கப்பல் திரும்பிப் போய்விட்டால் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த ஆட்கள் என் பெயரைச் சொல்லித் திட்டுவார்களே என்றுதான் என் புத்தி ஓடியது. ஆள் மூழ்குவதைவிட என் பெயர் மூழ்குவது பெரிதாகத் தெரிந்த இருபத்தைந்து நிமிடம் அது. என் பணிக்காலத்தில் நான் திருப்பிக் கேட்க ஆசைப்படுவது அந்த நிமிடங்களைத்தான்.

கீழே வரவேற்புக்கு ஒலிபெருக்கி கட்டி சோதித்துக்கொண்டிருந்தார்கள். போன் பேச ஓர் இடம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தம்பியின் தோல் கிடங்குக்கு ஓடினேன். கல்யாணம் என்றாலும் கிடங்கை மூட மாட்டான் என் தம்பி, அன்றைக்கு லோடு போக வேண்டியிருந்தது. அங்கே ஆட்கள் தோலைப் பலகையில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சைத் தோல் கெட்டுப் போகாமலிருக்க உப்புப் போட்டு அடுக்குவார்கள், எடை போடும் முன் அந்த உப்பை அடித்து உதறுவார்கள். இல்லாவிட்டால் தோலின் எடையில் உப்பும் சேர்ந்துவிடும். நான் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்து, என்ன லாத்தா என்று தம்பி ஓடி வந்தான்.

"உப்போட எடை போட்டுட்டேன்டா. ஆள் போகப் போறாங்க அது மேல" என்றேன்.

அவனுக்கு உறைந்த கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் முகம் மாறிவிட்டது. திரும்பி ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினான், அடிப்பது நின்றது. அவனே போய்க் கிடங்கின் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டான்.

நான்கு முறை இணைப்பு கிடைக்கவில்லை. ஐந்தாவது முறை குழுத் தலைவரே எடுத்தார். அவரோடு நான் இரண்டு முறை குளிர்காலம் கழித்திருக்கிறேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை. பேச்சு ஆங்கிலத்தில்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன, என்ன விஷயம் என்றார். புதுப்பனியைக் கழிக்கவில்லை என்றேன். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கப்பல் தலைவன் நாளை சாயங்காலம் வரைக்கும்தான் நிற்பதாகச் சொல்லியிருக்கிறான், டீசல் இறங்காவிட்டால் குளிர்காலத்தில் பாதி அறைகளை மூட வேண்டும், உனக்கு நிச்சயமா என்று கேட்டார்.

நிச்சயம் இல்லை என்றேன். நிச்சயம் இல்லை என்பதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், நேற்றுப் போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அந்த வரைபடத்தைப் பார்த்து ஒரு ஆளும் அடி வைக்கக் கூடாது என்றேன். அவர் யாரிடமோ திரும்பி எஞ்சினை அணைக்கச் சொன்னார். அந்தச் சத்தம் அடங்கியது எனக்குக் கேட்டது. தடம் முழுக்க நடந்தே போய்த் துளை போட்டுப் பார்க்கிறோம், அளவுகள் வர வர அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தார். மணி பதினொன்று பத்து.

பிறகு செல்வியிடம் போனேன். தலைவரிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்து சம்பங்கி கட்டிக்கொண்டிருந்தாள். தனியே கூப்பிட்டு, காலையில் தாங்கும் என்று நான் சொன்னது தப்பு, எனக்குத் தெரியாமலே சொல்லிவிட்டேன் என்றேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். வண்டி நின்றுவிட்டதா என்று மட்டும் கேட்டாள். நின்றுவிட்டது, இப்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆட்கள் நடந்து போய்த் துளை போடுகிறார்கள், முன்னால் போகிறவர் முருகேசன்தானாம் என்றேன். அதை மறைத்திருக்கலாம். அன்றைக்கு இன்னொன்றை மறைக்கும் தெம்பு எனக்கு இல்லை.

"வண்டி ஓட்டத்தான போனாக" என்றாள். பகல் பஸ்ஸுக்குப் போக வேண்டியவள் போகவில்லை. திரும்பப் போய் உட்கார்ந்து பூவை எடுத்தாள். ஒரே இடத்தில் நாரை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினாள்.

நான் மாடிக்கும் கிடங்குக்கும் நடந்தேன். சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். அளவுகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. முதல் துளை இரண்டரை மீட்டர். இரண்டாவதும் ஏறக்குறைய அதே. மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் இரண்டுக்குமேல். அந்தத் தடிமனுக்கு வண்டி தாராளமாகப் போகலாம். நான் வீணாக ஊரைக் கூட்டிவிட்டேனோ என்று தோன்றியது. அந்த ஐந்து எண்களைப் பார்த்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்பதாவது துளையில் கருவி ஒரே அழுத்தில் உள்ளே போனது. முழங்கை நீளம்கூடக் கட்டி இல்லை. கடல் தண்ணீர் மேலே வந்து புதுப்பனியைச் சாம்பல் நிறமாக ஊற வைத்தது என்று எழுதியிருந்தார்கள். என் வரைபடத்தில் அந்த இடம் மூன்று மீட்டருக்குமேல் என்று அடர்நீலத்தில் இருந்தது. தடத்திலேயே பத்திரமான இடம் என்று நான் குறித்திருந்தது அதைத்தான். காற்று அங்கேதான் புதுப்பனியை அதிகமாகக் குவித்திருந்தது. எங்கே நான் அதிகம் தவறினேனோ அங்கே என் எண் மிக அழகாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வரைபடம் வண்டிக்கு வழி காட்டியதோடு நின்றிருக்காது. வருடக் கணக்குக்கும் போயிருக்கும். பனி வருடா வருடம் தேய்ந்துகொண்டு வரும் ஒரு கரையில், அந்த வருடம் மட்டும் பெருத்தது என்று பதிவாகியிருக்கும். பத்து வருடம் கழித்து உங்களில் ஒருவர் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, பாருங்கள், பனி ஏறவும் செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதியிருப்பீர்கள்.

இரண்டு மணிக்குத் தலைவர் கூப்பிட்டார். இன்னும் ஐம்பது துளை போட ஆள் அனுப்பியிருக்கிறேன், அந்த அளவுகளை வைத்து சாயங்காலத்துக்குள் புது வரைபடம் வேண்டும் என்றார். என்னால் முடியாது, வேறு யாரையாவது பாருங்கள், இனி நான் கையெழுத்துப் போட்டால் யார் நம்புவார்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. இந்த வரைபடம் எந்தெந்த இடத்தில் பொய் சொல்லும் என்று இன்றைக்கு உலகத்திலேயே உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், அதனால் நீதான் போட வேண்டும் என்றார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மனிதரிடமிருந்து நான் வாங்கியதில் பெரியது அதுதான்.

தோற்ற கையோடு ஒதுங்கிக்கொள்வது சுலபம். அது அடக்கம் மாதிரியும் தெரியும். பனியின் மேல் நிற்கிறவனுக்கு நம் அடக்கத்தால் ஒரு லாபமும் இல்லை. அவனுக்கு வழி வேண்டும்.

கணினிக்கு வெற்றிடம் பிடிக்காது என்பது நம் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நான்கு இடத்தில் அளவு கொடுத்தால் நடுவில் இருப்பதையெல்லாம் தானே ஊகித்து வண்ணம் பூசித் தந்துவிடும். பார்க்க லட்சணமாக இருக்கும். அன்று அந்த வசதியை நிறுத்தினேன். துளை போட்டுப் பார்த்த இடத்தைச் சுற்றி, அந்தத் துளை எவ்வளவு தூரத்துக்குச் சாட்சி சொல்லுமோ அவ்வளவுக்கு மட்டும் வண்ணம் கொடுத்தேன். மற்றதை வெள்ளையாக விட்டேன். முடித்துப் பார்த்தபோது வரைபடம் மாதிரியே இல்லை, வெள்ளைத் துணியில் கறை பட்ட மாதிரி இருந்தது. அந்தக் கறைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு, ஒன்பதாவது துளையைச் சுற்றி வளைந்து, கப்பல் வரைக்கும் ஒரே ஒரு ஒடுக்கமான வழியாகப் போயின.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் அந்த வழியில் வண்டிகள் ஊர்ந்து போய் வந்தன. நேரம் போதாமல் மூன்றில் ஒரு பங்கு டீசலைக் கப்பல் திருப்பிக் கொண்டுபோனது. அந்தக் குளிர்காலத்தில் அறைகளை மூடி, எல்லாரும் ஒரே கூடத்தில் படுத்தார்கள், என்னைத் திட்டவும் செய்தார்கள். முருகேசன் உட்பட அத்தனை பேரும் ஊர் திரும்பினார்கள். இவை எதுவும் நான் கையெழுத்துப் போடும்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு, அனுப்புவதற்கு முன், செல்வியை மாடிப்படிக்குக் கூப்பிட்டேன். அதிகாரிகளுக்கு முன் அவளுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எந்த விதியிலும் அப்படி இல்லைதான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, திரையை வெகு நேரம் பார்த்தாள். அவர் போகிற வழி எது என்று கேட்டாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்து, கரையிலிருந்து கப்பல் வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இம்புட்டும் வெள்ளையா கெடக்கே அக்கா."

"எனக்குத் தெரியாதது அம்புட்டு, செல்வி. அதுல வண்டி போகாது."

அவள் இன்னொரு முறை அந்த வழியில் விரலால் போய் வந்தாள். பிறகு எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள்.

"அப்பச் சரி. போகச் சொல்லுங்க" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன்.